சாய்ந்த கோளும் சாட்சி சொல்லும் நிலவுகளும்
யுரேனஸின் அச்சுச் சாய்வு பற்றிய ஓர் ஆய்வு

கொல்கத்தாவின் பெஹாலா 22.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கடகரேகைக்குத் தெற்கே ஒரு பாகைகூட இல்லை. ஜூன் 5 வாக்கிலும் ஜூலை 8 வாக்கிலும் நண்பகல் சூரியன் அங்குள்ள டயமண்ட் ஹார்பர் சாலைக்கு நேர் உச்சியில் நிற்கும். ஆண்டின் மிக நீண்ட பகல் பதின்மூன்றரை மணி நேரம்; மிகக் குறுகியது பத்தே முக்கால் மணி நேரம். இந்தக் கணக்குகள் அனைத்தும் ஒரே எண்ணிலிருந்து பிறக்கின்றன: பூமியின் சுழலச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது.

அந்த எண்ணை 97.8 என்று மாற்றிப் பார்ப்போம். துருவப் பகுதியின் எல்லை எட்டுப் பாகை அட்சம்வரை இறங்கிவிடும். பெஹாலாவில் ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ 43 நாள் சூரியன் மறையவே மறையாது. அரையாண்டு கழித்து அதே அளவு நாள் உதிக்கவே உதிக்காது. கன்னியாகுமரிக்கும் சில நாள் நீளும் இரவு ஒன்று வாய்க்கும்.

யுரேனஸில் இதுதான் நடப்பு. அது சூரியனை ஒருமுறை சுற்றி வர 84 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அங்கே பெஹாலாவின் அட்சத்தில் இருக்கும் ஓர் இடம் சுமார் பத்து ஆண்டு இடைவிடாத பகலையும் பத்து ஆண்டு இடைவிடாத இரவையும் காண்கிறது. துருவத்தில் அது 42 ஆண்டுப் பகல், 42 ஆண்டு இரவு. பூமியைப் போலப் பதினான்கரை மடங்கு நிறை கொண்ட ஒரு கோள் எப்படிப் பக்கவாட்டில் படுத்தது? அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்படும் இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்க வேண்டியது என்ன?

மற்றப் பெருங்கோள்களின் சாய்வு இப்படி: வியாழன் 3.1 பாகை, சனி 26.7, நெப்டியூன் 28.3. வாயுவும் தூசும் நிறைந்த தட்டையான வட்டில் வளர்ந்த கோளின் அச்சு, அந்த வட்டுக்குச் செங்குத்தாக நிற்பதே இயல்பு. வியாழன் ஏறக்குறைய அப்படித்தான் நிற்கிறது. சனிக்கும் நெப்டியூனுக்கும் ஏதோ ஒரு தொந்தரவு நேர்ந்திருக்கிறது. யுரேனஸுக்கு நேர்ந்தது அதைவிடப் பெரியது. அதன் சாய்வு 90 பாகையைத் தாண்டியிருப்பதால், கணக்குப்படி அது எதிர்த்திசையில் சுழலும் கோள்.

வில்லியம் ஹெர்ஷெல் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டறிந்தார். 1787இல் அதன் இரண்டு நிலவுகளையும் அவரே கண்டார். அவற்றுக்குப் பின்னாளில் டைட்டானியா, ஓபரான் என்று பெயரிட்டார்கள். அவை கோள்களின் பொதுத் தளத்துக்கு ஏறக்குறைய செங்குத்தான பாதையில் சுற்றின. அன்றைய தொலைநோக்கிகளில் யுரேனஸ் அடையாளம் எதுவுமற்ற சிறு பச்சை வட்டு மட்டுமே. அதன் அச்சு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை முதலில் உணர்த்தியவை நிலவுகளே.

இரண்டு நூற்றாண்டு கழித்து இன்னொரு சாட்சி கிடைத்தது. அதில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடக்கவிருந்தது. ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹம், டக்ளஸ் மிங்க் ஆகியோர் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தபடி அதை அளந்தார்கள். அதே இரவில், ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்தில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியை அந்த விண்மீன்மீது நிறுத்தியிருந்தார்கள். கோளின் நிழல் பூமியின் தென்பகுதியில்தான் விழுந்தது. ஆயினும் காவலூரின் பதிவில் விண்மீனின் ஒளி சில நொடி குன்றித் திரும்பியது. அது புதிய நிலவாக இருக்கலாம் என்று முதலில் கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விமானத்திலும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பதிவானவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது உண்மை துலங்கியது: யுரேனஸுக்கு வளையங்கள் இருந்தன. அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அந்த வளைய அமைப்பைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் விரிவாக எழுதினார்கள்.

அச்சுச் சாய்வு பற்றிய விவாதத்தில் இந்த வளையங்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவை கோளின் நடுக்கோட்டுத் தளத்தில் படிந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு விண்மீன் மறைப்பின்போதும் வளையங்கள் ஒளியை மறைத்த நேரங்களைக் கொண்டு, கோளின் துருவம் எங்கே நோக்குகிறது என்பதை மிகத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. மிராண்டா, ஏரியல், அம்பிரியல், டைட்டானியா, ஓபரான் என்ற ஐந்து பெரிய நிலவுகளும் ஏறக்குறைய அதே தளத்தில், கோள் சுழலும் அதே திசையில் சுற்றுகின்றன.

என் வாதத்தின் மையம் இதுதான். யுரேனஸ் தனியாகச் சாயவில்லை. வளையங்களும் நிலவுகளும் அதனோடு சேர்ந்தே சாய்ந்திருக்கின்றன. கோளை மட்டும் சாய்த்துக் காட்டும் கருதுகோள் பாதி வேலையைத்தான் செய்கிறது. நிலவுகளை இன்றைய இடத்தில், இன்றைய திசையில் வைத்துக் காட்டும்போதுதான் அது முழுமையடையும்.

முதல் விடை: பெருமோதல்

பொது அறிவியல் நூல்களில் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லப்படும் விடை இது: ‘பெரிய விண்பொருள் ஒன்று மோதியதால் யுரேனஸ் சாய்ந்தது.’ சோவியத் அறிவியலாளர் விக்டர் சாஃப்ரனோவ் 1966இல் இதற்கு அடித்தளம் இட்டார். கோள்களின் சாய்வை, அவை உருவாகும்போது மோதிய மிகப் பெரிய பொருள்களின் நிறையோடு அவர் தொடர்புபடுத்தினார். 1992இல் ஸ்லாட்டரி, பென்ஸ், கேமரன் ஆகிய மூவரும் கணினி மாதிரிகளில் இம்மோதலை நிகழ்த்திப் பார்த்தார்கள். ஒன்று முதல் மூன்று பூமி நிறையுள்ள பொருள் தக்க கோணத்தில் மோதினால் யுரேனஸின் இன்றைய சுழற்சி கிடைக்கும் என்று கண்டார்கள்.

2018இல் ஜேக்கப் கெகெரைஸ் தலைமையில் டர்ஹம் பல்கலைக்கழகக் குழு இதை மேலும் நுணுக்கமாகச் செய்தது. குறைந்தது இரண்டு பூமி நிறையுள்ள பாறையும் பனியும் கலந்த பொருள், நேராக இடிக்காமல் பக்கவாட்டில் உராய்ந்தபடி மோதினாலும் யுரேனஸ் தன் வளிமண்டலத்தின் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்று அது காட்டியது. மோதிய பொருளின் ஒரு பகுதி கோளுக்குள் ஓர் அடுக்காகப் படிந்து உள்வெப்பத்தைத் தடுத்திருக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள்.

இந்த வெப்ப வாதம் மோதல் தரப்புக்கு வலுச்சேர்த்தது. நெப்டியூன் சூரியனிடமிருந்து பெறுவதைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு ஆற்றலை வெளிவிடுகிறது. யுரேனஸோ பெறும் அளவைத்தான் ஏறக்குறையத் திருப்பித் தருகிறது என்று 1986 ஜனவரி 24 அன்று அதைக் கடந்து சென்ற வாயேஜர் 2இன் அளவுகள் கூறின. ஜூரிக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியான் ரைன்ஹார்ட் குழு 2020இல் இரு கோள்களையும் ஒரே சட்டகத்தில் வைத்தது: யுரேனஸைச் சாய்வாக மோதிய பொருள் அதன் அச்சைத் திருப்பியது, நெப்டியூனை நேராக மோதிய பொருள் அதன் உள்ளகத்தைக் கலக்கி வெப்பத்தை வெளிவரச் செய்தது. ஆனால் 2025இல் வெளிவந்த மறு ஆய்வுகள் யுரேனஸ் பெறுவதைவிடப் பன்னிரண்டு முதல் பதினைந்து விழுக்காடு அதிகமாகவே வெளிவிடுகிறது என்கின்றன. இரு கோள்களுக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் பெரிதுதான். ஆனால் முன்பு நினைத்த அளவு முழுமையானதாக இல்லை.

நிலவுகள் எழுப்பும் ஆட்சேபம்

மோதல் திடீர் நிகழ்வு. கோளின் அச்சு சில மணி நேரத்தில் திரும்பிவிடும். ஆனால் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் நிலவுகளுக்கு அது தெரியாது. அவை பழைய தளத்திலேயே சுற்றும். அதன்பின் கோளின் நடுப்புடைப்பு ஒவ்வொரு நிலவின் பாதையையும் வெவ்வேறு வேகத்தில் திருப்பும், பாதைகள் குறுக்கிடும், நிலவுகள் மோதி நொறுங்கும், சிதைகூளம் மெல்ல அடங்கிப் புதிய நடுக்கோட்டுத் தளத்தில் படியும். அதிலிருந்து புதிய நிலவுகள் பிறக்கும். இதுவரை சரி.

அவை எந்தத் திசையில் சுற்றும்? பழைய நிலவுகளின் கோண உந்தத்தில் புதிய அச்சோடு ஒத்துப்போகும் பகுதியே அதைத் தீர்மானிக்கிறது. அச்சு ஒரே அடியில் 0 பாகையிலிருந்து 98 பாகைக்குத் திரும்பியிருந்தால் அந்தப் பகுதி எதிர்க்குறி பெறும்; திருப்பம் செங்கோணத்தைத் தாண்டிவிட்டதே காரணம். புதிய நிலவுகள் கோளின் சுழற்சிக்கு எதிராகச் சுற்ற வேண்டும். உண்மையில் அவை சுழற்சியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. 2012இல் அலெஸ்ஸாண்ட்ரோ மார்பிடெல்லி குழு இந்த முரண்பாட்டை முன்வைத்தது. யுரேனஸ் ஏற்கெனவே கணிசமாகச் சாய்ந்திருந்தபோதுதான் கடைசி மோதல் நேர்ந்திருக்க வேண்டும். அதாவது குறைந்தது இரண்டு படிகள் தேவை என்பது அவர்கள் முடிவு. இக்கேள்வியின் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான வாதம் ஒன்றை நான் படித்ததில்லை. நிலவுகள் சுற்றும் திசை என்ற ஒற்றைத் தகவல், கோளின் முன்வரலாற்றையே திருத்தி எழுத வைத்தது.

மோதல் தரப்புக்கும் மறுமொழி உண்டு. பழைய நிலவுகளை விட்டுவிட்டு, இன்றைய நிலவுகள் மோதலில் தெறித்த பொருளிலிருந்தே பிறந்தன என்று கொண்டால், அவை புதிய அச்சின் திசையிலேயே சுற்றும். இதில் நிறை பற்றிய சிக்கல் எழுகிறது. மோதல் எறியும் வட்டு யுரேனஸின் நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். இன்றைய நிலவுகள் எல்லாம் சேர்ந்தே பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தவிர, வட்டு கோளை ஒட்டி இருக்கும். பெரிய நிலவுகளான டைட்டானியாவும் ஓபரானும் வெளியே இருக்கின்றன. 2020இல் ஷிகேரு ஈடா குழு இதற்கு அழகான விடை கண்டது. தெறித்த பனி ஆவியாகி, நீராவி வட்டாக விரிந்து, பெரும்பகுதி கோளுக்கே திரும்பிவிட்டது. மீந்தது குளிர்ந்து பனித்துகளாக உறைவதற்குள் வட்டு வெகுதூரம் பரவியிருந்தது. இக்கணக்கில் நிலவுகளின் நிறையும் இடமும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. 2022இல் ஜூலியன் சால்மனும் ராபின் கனப்பும், பழைய நிலவுகளின் சிதைகூளமும் மோதல் வட்டும் சேர்ந்து செயல்பட்டிருக்கக்கூடிய வழியை ஆராய்ந்தார்கள்.

மோதல் தரப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யுரேனஸ் 17 மணி 14 நிமிடத்தில் ஒருமுறை சுழல்கிறது. நெப்டியூன் சுமார் 16 மணி நேரத்தில். தற்செயலான பெருமோதல்களே இவ்விரு கோள்களின் சுழற்சியையும் வகுத்திருந்தால், இந்த நெருக்கம் வியப்புக்குரியது.

இரண்டாம் விடை: மெல்லச் சாய்த்தல்

சுழலும் பம்பரத்தின் அச்சு மெதுவாக வட்டமிடுவதுபோல, கோளின் அச்சும் வட்டமிடுகிறது. பூமிக்கு அது சுமார் 26,000 ஆண்டுச் சுற்று. பஞ்சாங்கம் அறிந்தவர்கள் அயனச்சலனம் என்பார்கள். கோள் செல்லும் பாதையின் தளமும் மற்றக் கோள்களின் ஈர்ப்பால் தனக்குரிய காலத்தில் இப்படித் திரும்புகிறது. இரண்டு காலங்களும் ஒத்துப்போனால் ஒத்ததிர்வு உண்டாகும். அப்போது சிறிய உந்துதல்கள் கோடிக்கணக்கான ஆண்டு ஒரே பக்கம் சேர்ந்து, அச்சைப் பெரிய கோணத்துக்கு இழுத்துச் செல்லும். எந்த மோதலும் தேவையில்லை. சுழற்சியின் வேகமும் மாறாது. அச்சு மெல்லத் திரும்புவதால் வளையங்களும் உள்நிலவுகளும் நடுக்கோட்டுத் தளத்தை விடாமல் கூடவே வரும். சுழற்சிக் காலங்களின் நெருக்கத்தையும் நிலவுகளின் திசையையும் ஒருசேர விளக்கும் வலிமை இதற்கு இருக்கிறது.

இதற்குச் சனியே எடுத்துக்காட்டு. சனியைச் சாய்க்க வேண்டுமானால், அதன் கோண உந்தம் மிகப் பெரிது என்பதால் மோதலைக் காரணமாக்குவது கடினம். ஆனால் சனியின் அச்சு வட்டமிடும் காலமும் நெப்டியூனின் பாதை திரும்பும் காலமான ஏறத்தாழ 18.7 லட்சம் ஆண்டும் நெருங்கி இருக்கின்றன. 2004இல் வில்லியம் வார்டும் டக்ளஸ் ஹாமில்டனும் இதை ஒத்ததிர்வின் தடயமாக விளக்கினார்கள். சனியின் பெருநிலவான டைட்டன் ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது என்று 2020இல் தெரியவந்தது. நிலவு விலக விலகக் கோளின் அச்சு வட்டமிடும் வேகம் மாறும். ஆகவே டைட்டனின் விலகலே சனியை ஒத்ததிர்வுக்குள் கொண்டுசென்று சாய்த்தது என்று மெலேன் சையன்ஃபே குழு 2021இல் வாதிட்டது.

யுரேனஸில் இது எளிதில் நடக்காது. அதன் பாதை சுமார் நாலே கால் லட்சம் ஆண்டில் ஒருமுறை திரும்புகிறது. அச்சு வட்டமிடவோ பல கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் அச்சின் வேகத்தைக் கூட்ட இப்போது இல்லாத ஏதோ ஒன்று முன்பு இருந்திருக்க வேண்டும். அது என்ன என்பதில்தான் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள்.

க்வெனயெல் பூவே, ஜாக் லாஸ்கர் ஆகியோர் 2010இல் ஒரு கூடுதல் நிலவை முன்வைத்தார்கள். அதன் நிறை யுரேனஸில் நூற்றில் ஒரு பங்கு. அதாவது செவ்வாயைவிடக் கனமானது. கோள்கள் இடம்பெயர்ந்த காலத்தில் அச்சைச் சாய்த்துவிட்டு, வேறொரு கோள் அருகே வந்தபோது அது பறிபோயிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய நிலவு யுரேனஸுக்கு எப்படி வாய்த்தது என்பது இக்கருதுகோளின் பலவீனம். ஸீவா ரோகோஷின்ஸ்கியும் ஹாமில்டனும் 2020இல் நிலவுக்குப் பதிலாக, இளம் யுரேனஸைச் சூழ்ந்திருந்த வாயு வட்டை எடுத்துக்கொண்டார்கள். அது ஏறத்தாழ 70 பாகைவரை சாய்க்கலாம். மீதியை அரைப் பூமி நிறையுள்ள பொருளின் மோதல் செய்து முடிக்கும். சூரியக் குடும்பத்தின் எல்லையில் இருப்பதாகக் கருதப்படும் ஒன்பதாம் கோளை 2022இல் லூ, லாஃப்லின் இருவரும் இதில் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தக் கோளே இன்னும் கண்டறியப்படாததால் அக்கருதுகோள் காத்திருக்க வேண்டியதுதான்.

இவற்றுள் முழுமையானது, சையன்ஃபே குழு 2022இல் வெளியிட்டது. தேவையான நிலவின் நிறையை அது வெகுவாகக் குறைத்தது: யுரேனஸின் நிறையில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு, அதாவது நம் நிலாவில் ஏறக்குறையப் பாதி. அந்நிலவு ஆண்டுக்குச் சராசரி ஆறு சென்டிமீட்டர் விலகி, மொத்தமாக யுரேனஸின் ஆரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் நகர்ந்தால் போதும். நம் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவதால் இந்த வேகம் நம்பக்கூடியதே.

ஆனால் ஒத்ததிர்வால் மட்டும் 90 பாகையைத் தாண்ட முடியாது. சாய்வு செங்கோணத்தை நெருங்கும்போது அச்சு வட்டமிடும் வேகம் சுழியத்தை நோக்கிக் குறைவதால் இசைவு அறுந்துவிடும். சுமார் 80 பாகைக்குப் பிறகு நடப்பது குழப்பம். நிலவின் பாதை நிலைகுலைந்து, நீண்டு, இறுதியில் அது யுரேனஸுக்குள் விழுந்துவிடும். அந்தக் கணத்தில் அச்சு எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். அந்த இடம் 98 பாகையாகவும் இருக்கலாம். கோளைச் சாய்த்த பொருளும் தடயமின்றி மறைந்துவிடுகிறது. இதன் அழகை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலைகுலைந்த பெருநிலவின் ஈர்ப்புக்கு நடுவே மிராண்டா முதல் ஓபரான் வரை ஐந்து நிலவுகள் ஒழுங்கான பாதைகளில் எப்படித் தப்பின, அல்லது பிறகு எப்படிப் பிறந்தன? மோதலிடம் கேட்ட அதே கேள்வியை இதனிடமும் கேட்டாக வேண்டும்.

எந்தப் பக்கம் சாய்வது?

இரண்டு தரப்பையும் அருகருகே வைத்தால் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. ஒரே மோதல் என்ற எளிய வடிவம் பழைய நிலவுகளின் திசையில் தடுக்கி, இரண்டு படி கேட்கிறது. ஒத்ததிர்வு செங்கோணத்தில் தடுக்கி, இறுதியில் ஒரு மோதலையோ குழப்பத்தையோ கேட்கிறது. யுரேனஸ் முதலில் மெல்லச் சாய்ந்து, பிறகு ஒரு சிறிய மோதலால் செங்கோணத்தைத் தாண்டியது என்ற இரட்டை வரலாறு இரு தரப்பின் குறையையும் ஒருங்கே நீக்குகிறது. மூன்று பூமி நிறையுள்ள பொருளைத் தேட வேண்டியதில்லை. நிலவுகளின் திசையும் காப்பாற்றப்படுகிறது. நெப்டியூனோடு உள்ள சுழற்சி நெருக்கமும் குலையாது. இன்றுள்ள சான்றுகளுக்கு இதுவே மிகவும் பொருந்துகிறது என்பது என் நிலைப்பாடு.

இதைச் சோதிக்க முடியும் என்பதே இக்கேள்வியின் சிறப்பு. வாயேஜர் 2 மட்டுமே இதுவரை அங்கே சென்ற விண்கலம். அது சென்றபோது தென்துருவம் சூரியனை நோக்கியிருந்ததால் நிலவுகளின் வடபாதி இருளில் கிடந்தது. அமெரிக்கத் தேசிய அகாடமிகள் 2022இல் வெளியிட்ட பத்தாண்டுத் திட்ட அறிக்கை, யுரேனஸைச் சுற்றிவரும் கலத்தையும் அதன் வளிமண்டலத்தில் இறங்கும் ஆய்கருவியையும் பெரிய திட்டங்களுள் முதலிடத்தில் வைத்தது. அத்தகைய கலம் 2040களில் சென்று சேர்ந்தால், 2050ஐ ஒட்டி வரும் சமபகலிரவு நெருங்குவதால் இரு பாதிகளிலும் வெளிச்சம் இருக்கும்.

அது அளக்க வேண்டியவை தெளிவானவை. ஈர்ப்புப் புலம், கோளின் உள்ளகம் மோதலில் கலங்கியதா, அடுக்குகளாகவே இருக்கிறதா என்பதைச் சொல்லும். நிலவுகளில் பாறையும் பனியும் என்ன விகிதத்தில் உள்ளன என்பது, அவை நீராவி வட்டில் பிறந்தனவா என்பதைக் காட்டும். நிலவுகள் இன்று எவ்வளவு வேகமாக விலகுகின்றன என்பது, பழைய நிலவு ஒன்று ஆண்டுக்கு ஆறு சென்டிமீட்டர் விலகியிருக்க முடியுமா என்பதைத் தீர்க்கும். மூன்றாவது அளவே எல்லாவற்றிலும் முக்கியமானது. விலகல் மிக மெதுவானது என்று தெரிந்தால் பழைய நிலவுக் கருதுகோள் அன்றே கைவிடப்படும்; வேகமானது என்றால் மோதல் தரப்பு தன் முதலிடத்தை இழக்கும்.

கலம் செல்லும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. விண்மீன் மறைப்புகளைத் தரையிலிருந்தே அளக்கலாம். 1977இல் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியே போதுமானதாக இருந்தது. இன்று அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. நைனிடால் அருகே தேவஸ்தலத்தில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வளையங்களையும் நிலவுகளையும் பல பத்தாண்டு விடாமல் அளந்து சேர்க்கும் பதிவுகள், வருங்காலக் கலத்தின் அளவுகளோடு ஒப்பிட உதவும் அடிப்படைத் தரவாகும். ‘ஏதோ மோதிச் சாய்ந்தது’ என்ற ஒற்றை வரியோடு மாணவர்களை அனுப்பிவிடாமல், நிலவுகள் ஏன் இந்தத் திசையில் சுற்றுகின்றன என்று அவர்களைக் கேட்க வைப்பது ஆசிரியர்களால் இன்றே முடியும். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றவர்களே நாளை இதற்கு விடையும் காண்பார்கள்.